இன்னார் மகன் இன்னார்

இரவு இரண்டே கால். வண்ணார்பேட்டை மாடியறை.
மடிக்கணினியின் விசிறி
பாலமேறும் செங்கல் லாரி மாதிரி முக்குகிறது.
நான் எழுதிய வகை சரிபார்ப்பான்
ஒரு பெட்டியைத் திறந்துகொண்டே இருக்கிறது.

பெட்டி[இ].
இ என்றால் இன்னதென்று இன்னும் சொல்லப்படாதது.
எண்ணைக் கொடுத்தால் எண்பெட்டி,
சொல்லைக் கொடுத்தால் சொற்பெட்டி.
எவனோ ஒரு புண்ணியவான்
பெட்டிக்குள்ளே பெட்டிகளின் பெட்டியை வைத்திருக்கிறான்.
அதைத் திறந்தால் பெட்டிகளின் பெட்டிகளின் பெட்டி.
என் நிரலுக்குச் சலிப்பு கிடையாது.
இ வரும் இடமெல்லாம் புதுப்பெயரை எழுதுகிறது,
எழுதிய கையோடு செல்லுமா என்று பார்க்கிறது,
பார்க்க உள்ளே போகிறது,
உள்ளே இன்னொரு இ.

பதினாறு ஜிபியும் நிறைந்து திரை இருண்டபோது
கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள்.

காலையில் முன்னீர்பள்ளம், சார்பதிவாளர் அலுவலகம்.
வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள்
இருபத்திரண்டு சென்ட் நஞ்சையை
எஸ்தர் ரூபாவதி டீச்சருக்கு விற்கிறார்.
நான் சாட்சி.
எதிர்க்கடையில் மகராசி, ஒற்றைக் காதில் இயர்போன்,
மாதிரிப் பத்திரத்தைத் திறந்தாள்:

இன்னார் மகன் இன்னார் ஆகிய நான்
இன்னார் அவர்களுக்கு
மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம்.

'எல்லாவற்றையும் மாற்று'. ஒரே தட்டு.
சூடாக வந்த தாளில்
சிவனணைந்தபெருமாள் மகன் சிவனணைந்தபெருமாள்
சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு நிலத்தை விற்று
ரொக்கமும் பெற்றுக்கொண்டிருந்தார்.
சாட்சியும் அவரே. எனக்கு வேலையில்லை.

"எங்கப்பா பேரு சொடலமுத்துல்லா.
என்னைய நானே பெத்தேன்னு எழுதிருக்கியே தாயி."
டீச்சர் குடைக்குப் பின்னால் சிரித்தார்.
மகராசி நாக்கைக் கடித்துக்கொண்டு
மூன்று இன்னாரையும் தனித்தனியே பிரித்தாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவரிடம்
சார்பதிவாளர் எரிந்து விழுந்தார்:
"பாதி எழுதின தாளக் கொண்டாந்து
செல்லுமா செல்லுமான்னு கேக்காதீய.
முழுசா எழுதிட்டு வாங்க. பொறவு பாப்பேன்."

எனக்குப் பிடரியில் யாரோ தட்டியது போலிருந்தது.

எங்கள் முறை.
பட்டா இவர் பெயரில்தானா, வில்லங்கம் உண்டா,
விற்பவர் வயது, வாங்குபவர் ஆதார்.
எந்தப் பெயர் வந்தாலும் அவருக்கு ஒன்றுதான்,
இந்தக் கேள்விகளைத் தாண்டினால் போதும்.
நான்கெல்லையில் விரல் நின்றது.
வடக்கே: என்னுடைய பாக்கி நிலம்.
தலையாட்டிவிட்டுத் தாண்டினார்.
கிழக்கே பாளையங்கால்வாய். தாண்டினார்.
அடுத்த வரி:
சர்வே எண் 214/3க்கு உட்பட்ட சர்வே எண் 214/3.
சிவப்பு மையில் ஒரு வட்டம்.
"வயலுக்குள்ள அதே வயல் எப்படிம்மா கெடக்கும்?"

தான் தனக்குப் பக்கத்தில் இருக்கலாம்.
கையை நீட்டித் தன்னையே சுட்டலாம்.
தனக்குள்ளே முழுசாகத் தான் இருந்தால்
அளக்கிற சங்கிலி எங்கே போய் முடியும்?

திரும்பும் பேருந்தில், மேலப்பாளையம் நெரிசலில்,
மடிமேல் வைத்தே மாற்றினேன்.
முதல் நடை: பெயரையும் கொடுத்ததையும் குறித்து வை,
பெட்டியைத் திறக்காதே.
இரண்டாம் நடை, எல்லாம் எழுதி முடிந்த பின்:
நிபந்தனைகளைக் கேள்.
உள்ளே போகும் வழியில் அதே மூலப்பெயர் மீண்டும் வந்தால்
நில், வட்டம் போடு.
சுட்டி வழியாக வந்தால் விட்டுவிடு.

விசிறி அடங்கியது.
இருபத்தோராம் வரியில்
அந்தப் புண்ணியவானுக்கு ஒரு பிழைச்செய்தி:
பெட்டிக்குள் அதே பெட்டி கிடக்காது.

சாயங்காலம் மகராசி படம் அனுப்பியிருந்தாள்.
மாதிரிப் பத்திரத்தில் இப்போது
விற்கிற இன்னார், வாங்குகிற இன்னார், பெற்ற இன்னார்.
கீழே, "போதுமாக்கா?"

எனக்கு இன்னும் இரண்டு சோதனைகள் சிவப்பு.
ஒன்று ஏனென்று தெரியும்.